தாலிக்கொடி தேடிய கோடை

பல ஆண்டுகள் ஒரே நிறுவனத்தில் இருந்துவிட்டு, ஒரு வீடியோ காலில் நான் வெளியே அனுப்பப்பட்டேன். அதுவரை பார்த்தேயிராத ஒரு பெண் எழுதிவைத்திருந்ததைப் படித்தாள், நன்றி சொன்னாள், திரை அணைந்தது. வெளியே என்றால் வீட்டின் அடித்தள அறையிலிருந்து மாடிப்படி ஏறிச் சமையலறைக்கு. அங்கே போய் நின்றுகொண்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் காபி போட்டேன்.

நியூ ஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் வீடு. என் மனைவி மருந்துக் கம்பெனி ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்தாள். காலையில் அவள் கிளம்பிவிடுவாள். மகன் கல்லூரி விடுதியில். மாலைவரை வீட்டில் நானும் லேப்டாப்பும்தான். அப்ளை பண்ணிய கம்பெனிகளிலிருந்து பதில் வராது, வந்தால் இரண்டு வரியில் வரும். அந்த வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை, பின்பக்கப் புல்வெளியில் துணி உலர்த்தும்போது மனைவியின் தோட்டுத் திருகாணி விழுந்துவிட்டது. இருவரும் முட்டி போட்டுத் தேடியும் கிடைக்கவில்லை. சும்மா இருந்தவன், நான் போய் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கி வந்தேன்.

அது கடையில் பொம்மைகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்த மலிவு ரகம். எதைக் கண்டாலும் ஒரே மாதிரி கத்தும். ஆணிக்கும் கத்தும், வேலிக் கம்பிக்கும் கத்தும், என் ஷூவின் உலோக வளையத்துக்கும் கத்தும். திருகாணி கிடைக்கவில்லை. ஆனால் வேலியோரம் ஒரு கறுத்த செம்பு சென்ட் கிடைத்தது. தேய்த்துப் பார்த்தால் பின்பக்கம் இரண்டு கோதுமைக் கதிர், எப்போதோ நிறுத்திவிட்ட பழைய அச்சு. அந்த வீட்டை நாங்கள் வாங்குவதற்கு வெகுகாலம் முன்பு, அந்தப் பேட்டையே இல்லாத காலத்தில், யாரோ கை தவறவிட்டது. வேலை போனதிலிருந்து அன்றைக்குத்தான் சாப்பாட்டு நேரத்தை மறந்தேன்.

அந்தக் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, படிக்க ஆரம்பித்தேன். இருபது வருடம் சாஃப்ட்வேர் சோதித்தவனுக்குக் கையேடு படிப்பது சிரமமில்லை. ஈர மணலில் உப்பு பொய்ச் சத்தம் கொடுக்கும், அதனால் கடற்கரைக்குப் போகிறவர்கள் ஒரே சமயத்தில் பல அலைவரிசைகளில் இயங்கும் கருவியைத்தான் வாங்க வேண்டும். பூங்காவுக்கும் பள்ளி மைதானத்துக்கும் அவ்வளவு தேவையில்லை. கீழே இருக்கும் வட்டத் தட்டு பெரிதாக இருந்தால் ஆழமாகப் பார்க்கும், ஆனால் குப்பை நிறைந்த இடத்தில் ஆணியையும் காசையும் சேர்த்துக் குழப்பிவிடும். சிறிய தட்டு ஆழம் போகாது, பிரித்துக் காட்டும். எடையை யாரும் யோசிப்பதில்லை. அரை நாள் வீசினால் தோள்பட்டை யோசிக்க வைக்கும். கடைசியில், இணையத்தில் விற்பனைக்குப் போட்டிருந்த பழைய கருவி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். நடுத்தர ரகம், திரையில் எண் காட்டும், ஹெட்ஃபோன் மாட்டலாம்.

அந்த எண்தான் எல்லாம். இரும்புக்கு எண் குறைவு, சத்தம் உறுமல். கால் டாலர் குவார்ட்டருக்கும் பழைய பத்து சென்ட் வெள்ளி டைமுக்கும் எண் உயரம், சத்தம் சன்னமாக மணி அடித்த மாதிரி. புதிய துத்தநாக சென்ட்டுகள் நடுவில் எங்கோ. சிக்கல் எங்கே என்றால், சோடா கேன் திறக்கும் அலுமினிய வளையமும் தங்க மோதிரமும் ஐந்து சென்ட் நிக்கலும் கிட்டத்தட்ட ஒரே எண்ணில் வந்து உட்காரும். வளையம் தோண்டி அலுத்தவர்கள் அந்த எண்ணையே கருவியில் அடைத்துவிடுவார்கள். குப்பை வராது. தங்கமும் வராது. நான் அடைக்கவில்லை. எனக்குத்தான் நேரம் கிடந்ததே.

பூங்காவில் தோண்டுவதற்குக் கவுன்ட்டி அலுவலகத்தில் அனுமதி வாங்கினேன். புல்லை மூன்று பக்கம் வெட்டிக் கதவு மாதிரித் திறந்து, மண்ணை ஒரு துணியில் கொட்டி, பார்த்துவிட்டு, திரும்பப் போட்டு மிதித்துவிட வேண்டும். தோண்டிய தடம் தெரியக்கூடாது. அதில் எனக்குக் கர்வமே வந்துவிட்டது. நான் போன இடத்தில் புல் வாடாது.

மற்றவர்கள் பார்வையில் அது வேறு. பூங்காவில் ஓடுகிற தமிழ் ஆட்கள் தூரத்திலிருந்தே பாதை மாறிப் போவார்கள். என் கல்லூரி நண்பன் மட்டும்தான் முகத்துக்கு நேரே சொன்னான்.

"டேய், நெசமாத்தான் கேக்கறேன். குப்பை பொறுக்கறதுக்கு எஞ்சினியரிங் எதுக்குடா படிச்ச?"

அவனும் நானும் கோயம்புத்தூரில் ஒரே விடுதி, ஒரே அறை. அவன் முதலில் அமெரிக்கா வந்தான். நான் வந்து இறங்கியபோது விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப்போய் வாரக் கணக்கில் தன் வீட்டில் வைத்துக்கொண்டது அவன்தான். அவன் கல்யாணத்துக்கு ஈரோட்டில் நான் பந்தி பரிமாறியிருக்கிறேன். அவன் மனைவி என்னை அண்ணன் முறை சொல்லித்தான் கூப்பிடும். அமைதியான பெண். வேலைக்குப் போகவில்லை, கார் ஓட்டவும் கற்றுக்கொள்ளவில்லை. அதற்கு விருப்பமில்லை என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரே மகள், மிடில் ஸ்கூல். என் வீட்டிலிருந்து அவர்கள் வீடு காரில் ஐந்து நிமிடம்.

ஜூன் மாதம் அந்தப் பூங்காவில்தான் தமிழ்ச் சங்கத்துப் பிக்னிக் நடந்தது. நான் போகவில்லை. 'என்னாச்சு, வேலை ஏதாவது கிடைச்சுதா?' என்று பிரியாணித் தட்டோடு கேட்பவர்களுக்குப் பதில் சொல்லத் தெம்பில்லை. மறுநாள் காலை நண்பன் போன் செய்தான். குரலில் பதற்றம்.

"டேய், உன் மெஷினை எடுத்துட்டு உடனே பார்க்குக்கு வா. இவ தாலிக்கொடியத் தொலைச்சுட்டா."

நான் போனபோது அவன் மைதானத்தின் நடுவில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தான். சங்கத்து ஆட்கள் சிலர் புல்லைக் காலால் விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். த்ரோபால் ஆடும்போது விழுந்திருக்கும், கொக்கி லூசாக இருந்தது என்று அவன் மனைவி சொன்னதாகச் சொன்னான். அந்தப் பெண் காரில், கதவைத் திறந்து வைத்து, பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தது.

"பயப்படாதம்மா. நேத்து விழுந்தது மேலாப்புலதான் கிடக்கும். பாத்துர்லாம்," என்றேன்.

"சரிங்கண்ணா," என்றது. அவ்வளவுதான்.

சங்கிலி தேடுவது சுலபமில்லை என்று நண்பனிடம் விளக்கினேன். ஒரு சங்கிலியைக் கருவி முழுதாகப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாகத்தான் பார்க்கும். மெல்லிய சங்கிலி என்றால் காலடியில் கிடந்தாலும் பேசாமல் போய்விடும். ஆனால் இதில் தாலியும் குண்டும் இருக்கின்றன, அவை கட்டாயம் பேசும். அவன் பொறுமையில்லாமல், "வியாக்கியானம் வேண்டாம், தேடு," என்றான்.

மைதானத்தை நூல் கட்டிப் பட்டை பட்டையாகப் பிரித்துக்கொண்டேன். தட்டைத் தரையை ஒட்டி, வேகமில்லாமல், ஒரு வீச்சின் மேல் அடுத்த வீச்சு பாதி படியும்படி நடந்தேன். பாட்டில் மூடிகள், அலுமினியத் தாள், ஹேர்பின், குவார்ட்டர்கள், நிறைய வளையங்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் குனியும்போது எல்லோரும் ஓடி வருவார்கள், நிமிரும்போது கலைவார்கள். மதியத்துக்குள் நண்பனைத் தவிர எல்லோரும் போய்விட்டார்கள். அந்தப் பெண் காரிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பொருளைத் தொலைத்தவர்கள் தரையைப் பார்ப்பார்கள். அது தரையைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தது. துக்கத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளும் போனேன், அதற்கடுத்த நாளும் போனேன். யாரும் கூப்பிடாமலே போனேன். வேலை போன பிறகு என்னிடம் முதல்முறையாக ஒருவர் ஒரு காரியம் கேட்டிருந்தார். அதை முடித்துக் கொடுக்க வேண்டும் என்ற வெறி எனக்கு. அந்தக் கொடியை எடுத்து நண்பன் கையில் வைக்கிற காட்சியை மனதுக்குள் எத்தனையோ விதமாக ஓட்டிப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு காலையில் பார்க்கிங் ஓரமாகத் தோண்டி ஒரு வெள்ளி டைமை எடுத்தேன். பழையது, மண்ணுக்குள் இருந்தும் பளபளப்புப் போகாதது. துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, இடுப்புப் பையில் போட்டேன். சங்கத்துப் பெண்மணி ஒருவர் நடைப்பயிற்சியில் அதைப் பார்த்திருக்கிறார். அன்று மாலைக்குள் அது 'அவர் ஏதோ மின்னுனதை எடுத்து பைக்குள்ள போட்டுக்கிட்டார்' என்று ஆகிவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை கோவிலில் என் மனைவியின் காதில் படும்படியே யாரோ, "கிடைச்சாலும் சொல்லுவாங்களா என்ன, வீட்டு நிலைமை அப்படி," என்றார்களாம். மனைவி அதை என்னிடம் உடனே சொல்லவில்லை.

சில நாள் கழித்து நண்பன் வீட்டுக்கு வந்தான். வழக்கமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையலறைக்குப் போகிறவன், அன்று ஹாலில் சோபாவின் நுனியில் உட்கார்ந்தான். என் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் போகும்வரை அவன் காத்திருந்தான்.

"நான் ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டியே?"

"கேளு."

"கிடைச்சிருந்தா குடுத்துரு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்குப் புரியுது. வேலை இல்லாம இருக்கறது என்னன்னு எனக்குப் புரியாதா?"

அவன் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவன் அதை அவ்வளவு அன்பாகச் சொன்னான். என் முட்டி மேல் கை வைத்துக்கூடச் சொன்னான். எழுந்து போய், நான் கண்டெடுத்தவற்றை எல்லாம் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து டீப்பாய் மேல் கவிழ்த்தேன். அவன் 'சே, என்னடா இது' என்று கையைப் பிடித்துத் தடுப்பான் என்று எதிர்பார்த்தேன். தடுக்கவில்லை. விரலால் காசுகளை விலக்கிவிட்டு அடிவரைக்கும் பார்த்தான். பிறகு, "சரி, விடு," என்று எழுந்து போனான். டீ அப்படியே இருந்தது.

சமையலறையில் என் மனைவி முதுகு காட்டி நின்றிருந்தாள். அவன் கார் கிளம்பிய சத்தம் கேட்டதும் திரும்பினாள்.

"ஏனுங்க, நெசமாவே கிடைக்கலீங்களா?"

நண்பன் கேட்டதைவிட அதுதான் உள்ளே இறங்கியது. "இல்லை," என்றேன். "நான் சும்மாதான் கேட்டேன்," என்றாள். அவளுக்கும் கோவிலில் கேட்டது உள்ளே ஓடிக்கொண்டிருந்திருக்கும். அது இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை.

அதற்குப் பிறகு நான் தேடியது அவனுக்காக அல்ல. மைதானம் முடிந்து, கழிப்பறைக்குப் போகிற பாதை முடிந்து, ஊஞ்சல்களைச் சுற்றி முடிந்து, பின்னால் இருக்கிற ஓக் மரங்களுக்குப் போனேன். பிக்னிக்குக்கு வந்தவர்கள் யாரும் அந்தப் பக்கம் போயிருக்கக் காரணமே இல்லை. கடைசி மரத்தின் மறுபக்கத்தில், வேர்களுக்கு நடுவில் கருவி பேசியது. வளையத்தின் எண்ணைவிடக் கொஞ்சம் உயரம், ஆனால் அசையாத எண். வளையம் என்றால் எண் குதிக்கும். ஒரு சாண் ஆழம் என்று காட்டியது.

மண்வெட்டியை வைத்ததுமே தெரிந்துவிட்டது. மண் இறுகியிருக்கவில்லை. யாரோ சமீபத்தில் கிளறி மூடிய மண். கையாலேயே அள்ளிவிட்டேன். உள்ளே ஒரு ஜிப்லாக் பை. சாண்ட்விச் போட்டுக் கொடுப்போமே, அந்தப் பை. அதற்குள் பேப்பர் நாப்கினில் சுற்றி, தாலிக்கொடி.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். நான் திருடன் இல்லை, இதோ கையில் இருக்கிறது, இப்போதே அவன் ஆபீஸுக்குப் போய் மேஜையில் போடலாம். எழுந்துகூட விட்டேன். பிறகுதான் பை கண்ணில் பட்டது. கழுத்திலிருந்து நழுவி விழுந்த தாலி நாப்கினில் சுற்றிக்கொண்டு, பைக்குள் போய் ஜிப் போட்டுக்கொண்டு, மண்ணுக்குள் இறங்காது. இதைப் புதைத்தது ஒரே ஒருவராகத்தான் இருக்க முடியும். பையோடு கொண்டுபோய்க் கொடுத்தால் அந்தப் பெண் மாட்டிக்கொள்ளும். பை இல்லாமல் கொடுத்தால் நான் எடுத்து வைத்திருந்து, பயந்து திருப்பிக் கொடுக்கிறேன் என்று ஆகும். 'குடுத்துரு, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்' என்றவன் முகத்தில் எப்படி ஒரு சிரிப்பு வரும் என்பது எனக்குத் தெரியும். மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள், நண்பன் ஆபீஸ் கிளம்பியிருக்கும் நேரம் பார்த்து அவர்கள் வீட்டு மணியை அடித்தேன். அந்தப் பெண் கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்தது. கதவோரம் இருந்த கேமராவை ஒருமுறை பார்த்துவிட்டு, சத்தமாக, "வாங்கண்ணா, அவரு ஆபீஸ் போயிட்டாருங்களே," என்றது. உள்ளே வந்ததும் குரல் மாறிவிட்டது.

"கிடைச்சிருச்சுங்களா?"

பையை மேஜை மேல் வைத்தேன். அது அழவில்லை, பதறவும் இல்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தது.

"ரெண்டு தடவை நடந்தே வந்தனுங்கண்ணா, எடுத்துட்டுப் போயிர்லாம்னு. ரெண்டு தடவையும் நீங்க அங்க நின்னுட்டு இருந்தீங்க. ஹைவே ஓரமா திரும்ப நடந்து வந்தேன்."

"ஏம்மா இப்படிப் பண்ணுன?"

"வீட்டுல வெச்சா தேடிருவாரு. லாக்கர் அவரு பேர்ல. அக்கவுண்ட் அவரு பேர்ல. கடைக்குப் போனா பில்லுல ஒவ்வொண்ணுக்கும் எதுக்குன்னு கேப்பாரு. லைசென்ஸ் எடுக்கறேன்னு எத்தனை வாட்டி கேட்டிருப்பேன். டல்லாஸ்ல எங்கக்கா இருக்கா. புள்ளையக் கூட்டிட்டுப் போகணும், வக்கீல் வெக்கணும். எனக்குன்னு இந்த நாட்டுல இருக்கறது இது ஒண்ணுதானுங்க. அதுவும் கழுத்துல இருக்கற வரைக்கும் என்னோடது இல்ல."

குழந்தைகள் மண் தோண்டும் சின்ன பிளாஸ்டிக் மண்வெட்டி காரில் இருந்ததாம். எல்லோரும் த்ரோபாலில் இருந்தபோது போய்ப் புதைத்துவிட்டு வந்திருக்கிறது.

அதன் கஷ்டம் எனக்குப் புரியாமலில்லை. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு என் கஷ்டம்தான் பெரிதாக இருந்தது.

"என்னைப் பத்தி வெளிய என்ன பேசறாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சும் பேசாம இருந்தியா?"

"உங்களத் திருடன்னு சொன்னா அண்ணி உங்கள விட்டுட்டுப் போயிருவாங்களா? போக மாட்டாங்க. உங்களுக்கு நாலு பேரு பேசாம இருப்பாங்க. அவ்வளவுதானுங்க. எனக்கு அப்படி இல்லீங்கண்ணா."

பையை அதன் பக்கம் நகர்த்தினேன். "போன பிறகாவது உண்மையைச் சொல்லிரு," என்றேன்.

"கண்டிப்பா சொல்றனுங்கண்ணா," என்றது. நான் வாசலைத் தாண்டும்போது கேமராவுக்குக் கேட்கும்படி, "வேற எடத்துல தேடறதா இருந்தா அவரையே கேளுங்க, எனக்கு ஒண்ணும் தெரியலீங்க," என்று சொல்லிக் கதவைச் சாத்தியது. அந்தச் சாமர்த்தியத்தை நினைத்து வழியெல்லாம் எரிந்துகொண்டே வந்தேன்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பே அது மகளைக் கூட்டிக்கொண்டு டெக்சாஸுக்கு, அக்காவிடம் போய்விட்டது. செய்தி கேட்டபோது நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். இனி உண்மை வந்துவிடும் என்று நினைத்தேன்.

வந்தது வேறு. நண்பன் கேமராப் பதிவுகளைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்திருக்கிறான். தான் இல்லாத காலையில் நான் வீட்டுக்குள் போவதும், கொஞ்ச நேரம் கழித்து வெளியே வருவதும் அதில் இருந்தது. எனக்குப் போன் செய்தான்.

"என் வீட்டுக்கு எதுக்குடா வந்த?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஓக் மரம், பை, நாப்கின், எல்லாம். முடித்ததும், "அப்போ கிடைச்சது. நீதான் வெச்சிருந்த. எங்கிட்ட இல்லைன்ன," என்றான்.

"நீ கேட்டப்போ கிடைக்கலடா. அப்புறம்தான்..."

"என் பொண்டாட்டியோட தாலிய எங்கிட்ட குடுக்காம அவகிட்ட எதுக்குக் குடுத்த? அவளை ஏத்திவிட்டதே நீதான்."

போனை வைத்துவிட்டான். அதன் பிறகு ஊரில் கதை முழுமை அடைந்தது. தாலியை எடுத்தது நான்தான், தாலி போன நேரம்தான் அந்தக் குடும்பம் உடைந்தது, புருஷன் இல்லாத நேரத்தில் வீட்டுக்குப் போய்ப் பேசிக் கலைத்ததும் நான்தான். ஒன்றுக்கொன்று ஒட்டாத இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார்கள், ஒரே மூச்சில் நம்பினார்கள். சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் பிறந்தநாள் வாழ்த்துப் போட்டால்கூட எனக்கு மட்டும் பதில் வராது.

என் மனைவியிடம் அதுவரை சொல்லாமல் இருந்தேன். வேறு யாராவது கேமரா விஷயத்தைச் சொல்வதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு ஞாயிறு மதியம் உட்கார வைத்துச் சொன்னேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கடைசிவரை கேட்டாள்.

"எடுத்ததும் எங்கிட்டச் சொல்லோணும்னு தோணலீங்களா?"

"நீயும் கேட்டியே, நெசமா கிடைக்கலையான்னு."

"அதுக்குப் பழி வாங்குனீங்களா?"

"இல்ல. நம்புவியான்னு தெரியல."

"இப்ப நம்பறேன்," என்றாள். பீன்ஸை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாள். அந்தக் குரலில் நம்பிக்கை இருந்ததா, களைப்பு இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மறுபடி கேட்கவும் தைரியம் வரவில்லை.

குளிர்காலத்தில் எனக்குக் கலிஃபோர்னியாவில், சான்டா கிளாராவில் கான்ட்ராக்ட் வேலை ஒன்று கிடைத்தது. சம்பளம் பழையதைவிடக் குறைவு. மனைவி தன் வேலையை விட்டு வரவில்லை. வரச் சொல்லி நானும் வற்புறுத்தவில்லை. ஒரு அப்பார்ட்மென்டில் ஒற்றைப் படுக்கையறை எடுத்துத் தங்கினேன். விடுமுறைகளில் நான் போவேன் அல்லது அவள் வருவாள்.

உண்மையைச் சொல்வதாகக் கொடுத்த வாக்கை அந்தப் பெண் காப்பாற்றும் என்று காத்திருந்தேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் போன் செய்தேன்.

"இப்பச் சொன்னா நகைய மறைச்சுட்டேன்னு கேஸ்ல எழுதிருவாங்களுங்கண்ணா. எங்க வக்கீல் வாயே தெறக்கக் கூடாதுங்கறாரு. கேஸ் முடியட்டும்," என்றது. நியாயம்தான். காத்திருந்தேன். வழக்கு நடந்தது, முடிந்தது. மகள் அதனிடமே இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அது ஒரு டேகேரில் வேலைக்குச் சேர்ந்து, கார் வாங்கி, தனி வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டது என்றும் கேள்விப்பட்டேன். மறுபடி அழைத்தேன். பின்னணியில் குழந்தைகள் சத்தம். குரலில் முன்பு இல்லாத ஒரு தெளிவு இருந்தது.

"உங்களுக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கனுங்கண்ணா. ஆனா அதெல்லாம் இப்ப யாருங்க ஞாபகம் வெச்சிருக்காங்க? கெளறுனா திரும்பவும் என் பேருதான் அடிபடும். புள்ள பெரியவளாயிட்டு வர்றா."

"என் பேரு?"

"நீங்கதான் அந்த ஊர்லயே இல்லீங்களே," என்றது. பிறகு ஒரு குழந்தை விழுந்துவிட்டது என்று சொல்லிப் போனை வைத்தது. அதன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அது நன்றாக இருப்பதில் ஒரு மூலையில் திருப்தியும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து கரையாமல் அப்படியே கிடக்கின்றன.

போன தீபாவளிக்கு நியூ ஜெர்சி போயிருந்தேன். மனைவியோடு ஐசலினுக்கு இனிப்பு வாங்கப் போனோம். இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் நடக்க இடமில்லாத கூட்டம். கடைக்குள் வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்து ஒரு கை என் தோளில் விழுந்தது. நண்பன். முடி நரைத்திருந்தது, ஆனால் உற்சாகமாக இருந்தான். கூட இரண்டு பேர், சங்கத்தின் புதிய ஆட்கள் போலிருக்கிறது.

"டேய், எப்படி இருக்க? கலிஃபோர்னியா ஒத்துக்குச்சா?" என்றான். நான் ஏதோ சொன்னேன். அவன் அந்த இருவரிடமும் திரும்பி, தோளில் வைத்த கையை எடுக்காமலே சொன்னான்: "என் காலேஜ் ரூம்மேட். நடுவுல கொஞ்சம் பிரச்சினை ஆயிருச்சு. நான் அதையெல்லாம் மனசுல வெச்சுக்கறதில்ல. மனுசன்னா தப்புப் பண்றதுதானே."

அந்த இருவரும் என்னைப் பார்த்துப் புரிந்ததுபோலத் தலையாட்டினார்கள். வரிசையில் முன்னும் பின்னும் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என்ன தப்பு, யார் செய்த தப்பு என்று அந்த இடத்திலேயே கேட்டிருக்க வேண்டும். வாய் திறந்தேன். அதற்குள் கவுன்டரில் இருந்த பெண் என்ன வேண்டும் என்று கேட்டாள். "முறுக்கு ஒரு பவுண்டு, மைசூர்பாகு ஒரு பவுண்டு," என்றேன். திரும்பிப் பார்த்தபோது அவன் வேறு யாரிடமோ கை குலுக்கிக்கொண்டிருந்தான்.

காரில் ஏறி, பெல்ட் போட்டுக்கொண்டே என் மனைவி சொன்னாள்: "பரவால்லீங்க. அவராவது வந்து பேசுனாரு."

நான் வண்டியை ரிவர்ஸ் எடுத்தேன். பின்னால் இடத்துக்காகக் காத்திருந்தவன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.